சாந்துப் பொட்டுக்கு மேலே தண்ணீர்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் உடம்புக்கு வந்துவிட்டது. எனக்கு வயிற்று வலி. மருமகள் சுதாவுக்குத் தலைவலி. இரண்டு பேரும் ஆபீஸுக்கு லீவு.

இரண்டு வலியும் பொய்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அதற்குப் போய் முழுசாக ஒரு லீவைச் செலவழிக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது துப்பறிகிறவனாக இருக்க வேண்டும். நான் எது என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சுதாவின் தலைவலி பொய் என்று எப்படித் தெரிந்தது? நிஜமாகத் தலை வலிக்கிறவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். இவள் ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நானும் அப்படித்தான் படுத்திருந்தேன்.

என் மனைவி விசாலம் மட்டும் எதையும் சந்தேகிக்காமல் இரண்டு நோயாளிகளுக்கும் சேர்த்து மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அல்லது, சந்தேகிக்காத மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்...

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பால்காரர் வழக்கத்தை விட அதிகமாகச் சிரித்தால் நான் பாலைத்தான் பார்ப்பேன். "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், இவன் ஏன் கேட்கிறான் என்று தாதர் வரை யோசித்துக்கொண்டு போவேன். பம்பாய் மாதுங்காவில் இத்தனை வருஷமாக என்னை யாரும் ஏமாற்றியதில்லை. யாரும் எனக்கு நெருங்கிய சிநேகிதராக ஆனதுமில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று இப்போதுதான் தோன்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் மீன்.

சாப்பிடுகிற மீன் இல்லை. கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற மீன். மாசியில் என் பையன் ரகுவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சீர் வரிசையோடு பீரோ வந்தது, குத்துவிளக்கு வந்தது, எவர்சில்வர் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டாக்ஸியில், இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மீன்கள் தனியாக, அகல வாய் பாட்டில்களில், கல்யாணப் பெண்ணின் மடியில் உட்கார்ந்து வந்தன.

விசாலம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மீனா? நம்மாத்துலயா?"

"சும்மா பார்க்கறதுக்குத்தாம்மா" என்றாள் சுதா.

"பார்க்கறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா லோகத்துல?"

கட்டடம் முழுக்க இது ஒரு மாதம் ஓடியது. 'மாமா வீட்டில் மீன் வாங்கிவிட்டார்களாமே' என்று கீழ் ஃப்ளாட்காரர் என்னிடம் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த கவலை பொய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. தொட்டி ஹாலில் இருக்கலாம். சமையலறைப் பக்கம் அதன் தண்ணீரோ, பக்கெட்டோ, குழாயோ வரவே கூடாது. மீனைத் தொட்ட கையோடு சுதாவும் வரக்கூடாது.

சமையலறை என்றால் விசாலத்துக்கு முதலில் செம்புத் தவலை, அப்புறம்தான் அடுப்பு. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்போதே எழுந்து, ஸ்நானம் செய்து, முந்தின நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தவலையைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து மூடி வைப்பாள். மறுநாள் காலை வரை வீட்டுக்கே அதுதான் குடிதண்ணீர். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போனதில்லை. காட்கோபரிலிருந்து வரும் என் மச்சினர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொன்றும் கேட்பார். விசாலத்துக்கு அன்று முழுவதும் முகம் மலர்ந்திருக்கும்.

சுதாவுக்கும் தண்ணீரில் ஒரு சாஸ்திரம் இருந்தது. அது வேறு சாஸ்திரம். பாத்ரூமில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்து, அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவாள். அதை யாரும் தொடக்கூடாது. எதற்கு ஒரு பக்கெட் தண்ணீரைச் சும்மா நிறுத்தி வைக்கிறாள்? நான் கேட்காமல் இருப்பேனா?

"குழாய்த் தண்ணியில மருந்து போடறாளேப்பா" என்றாள். "அது நமக்கு நல்லது, மீனுக்கு ஆகாது. ஒரு நாள் தொறந்து வெச்சா வாசனையோட போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றுவாள். ஒரு ரப்பர் குழாயால் தொட்டியின் அடியில் படிந்திருக்கும் அழுக்கோடு தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுவாள். முழுவதையும் எடுக்கமாட்டாள். கால்வாசிதான். மொத்தமாக மாற்றினால் சுத்தமாக இருக்குமே என்றேன். "சுத்தமா இருக்கும். மீன் இருக்காது" என்றாள். பழகின தண்ணீரில் முக்கால்வாசியை வைத்துக்கொண்டுதான் புதிசைச் சேர்க்க வேண்டுமாம். அதையும் அப்படியே கவிழ்க்கக்கூடாது. மணிக்கட்டின் உட்புறத்தால் இரண்டு தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, சூடு ஒன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, ஒரு சாசரைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்து, அதன் மேல் மெதுவாக விட வேண்டும். எல்லாம் முடிந்ததும் தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம், தண்ணீர் நிற்கும் மட்டத்தில், ஒரு சாந்துப் பொட்டு வைப்பாள்.

"இது எதுக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எவ்வளவு காஞ்சு போறதுன்னு பார்க்கத்தான்."

மழைக்காலம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விசாலம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியைத் தாண்டிப் போகும்போது நிற்க ஆரம்பித்தாள். பார்க்கவில்லை, சும்மா நிற்கிறேன் என்பாள். நான் குறித்துக்கொண்டேன், மனத்தில்.

மழை பிடித்தது. குழாய்த் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. மருந்து வாசனை தூக்கலாக அடித்தது. அந்த வாரத்திலிருந்து மீன்கள் செத்துப்போக ஆரம்பித்தன.

முதலில் மீன்கூட இல்லை, நத்தைகள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் கிடந்தன. அப்புறம் ஒரு கறுப்பு மாலி மீன். அப்புறம் வாலை விசிறிக்கொண்டு திரியும் குட்டிக் கப்பி மீன்கள். சுதா ஒன்றும் சொல்லவில்லை. செத்ததை எடுத்துக்கொண்டு போய் பால்கனியிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்துவிட்டு, ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசாமல் இருக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

யார் செய்கிறார்கள்?

மழைத் தண்ணீரின் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றைச் சொன்னால் நான் நம்புவதில்லை. முதலில் வேலைக்காரி சகுபாயைச் சந்தேகித்தேன். தொட்டியைத் துடைக்கிறேன் என்று சோப்பைக் கலந்துவிட்டாளோ? கேட்டேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இஸ்மே ஏக் பச்சே கா பேட் பீ நஹீ பரேகா, சாப்" என்றாள். இதைத் தின்றால் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு நிறையாதாம். நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. ஆனால் அவ்வளவு சிரிக்கிறவள் சோப்புக் கலந்திருக்கமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

மாடி வீட்டுப் பூனை? தொட்டியின் மேல் வலை இருக்கிறது. கிராஃபோர்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவன்? மத்தியான இடைவேளையில் போய் அவனைப் பிடித்தேன். நோயாளி மீனைத் தலையில் கட்டிவிட்டாயா என்றேன். அவன் என் கண்ணைப் பார்க்காமல், "நயா பம்ப் லே லோ சேட்" என்றான். தொட்டிக்குள் காற்று விடுகிற பம்பைப் புதிசாக வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமாம். சேட் என்று என்னைக் கூப்பிடுகிறவனிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் சுதா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். நானும் பின்னால் போய்க் குனிந்தேன்.

தண்ணீர் சாந்துப் பொட்டுக்கு மேலே இருந்தது.

ஒரு நூல் அளவு. அவ்வளவுதான். ஆனால் வாரக் கடைசி. தண்ணீர் காய்ந்து பொட்டுக்குக் கீழே அல்லவா போயிருக்க வேண்டும்? தொட்டித் தண்ணீர் தானாகக் குறையும். தானாக ஏறுமா?

"யாரோ தண்ணி விடறாப்பா" என்றாள் சுதா, திரும்பிப் பார்க்காமல்.

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். சொன்ன விதத்தில் தெரிந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் ரகு என்னோடு கடைத்தெருப் பக்கம் நடந்து வந்தான். காரணம் இல்லாமல் அவன் என்னோடு நடக்கிற பையன் இல்லை. கடைத்தெரு முனைச் சர்க்கிளைத் தாண்டினோம். அப்புறம் சொன்னான்.

"அப்பா, செம்பூர்ல ஒரு ரூம் இருக்கு. சுதா அம்மாவாத்துக்குப் பக்கத்துல. ஞாயித்துக்கிழமை வந்து வார்த்தை சொல்லுங்கோன்னு வீட்டுக்காரன் சொல்லியிருக்கான்."

"ஏண்டா?"

"அவளுக்கு இங்கே சரிப்படலை போல இருக்கு."

"மீனுக்காகவா வீட்டை விட்டுப் போவா ஒருத்தி?"

"மீன் இல்லைப்பா..." என்றான். "வேண்டாம்னா வாயால சொல்லிடலாமே, இப்படி ஒண்ணொண்ணா ஏன் பண்ணணும்னு கேக்கறா. நான் என்ன சொல்ல? அரே, அம்மாகிட்ட போய் இதை நான் எப்படிக் கேட்பேன்? நீங்களும் கேட்டுடாதேங்கோ."

ஒரே பையன். வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். அவள் விசாலத்தைச் சந்தேகிக்கிறாள். விசாலத்துக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வார்த்தை கொடுத்துவிட்டால் இந்த ஜன்மத்தில் அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேசப்போவதில்லை. யாரும் சண்டை போடாமலே ஒரு வீடு இரண்டாகப் போகப்போகிறது.

என் சந்தேகம் மட்டும் வேறு திசையில் போயிற்று. அதற்குக் காரணம் ஒரு பாட்டில். முந்தின நாள் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியை நான் — தற்செயலாக என்று எழுத மாட்டேன், வேண்டுமென்றே — திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன பாட்டிலில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு திரவம். மேலே சுதாவின் கையெழுத்தில் 'பாய்ஸன்' என்று இங்கிலீஷில் எழுதி, இரண்டு கோடு அடித்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். தனிக் குடித்தனம் போக ஒரு பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்தை அவளே தயார் செய்துகொண்டால்? மீன் அவளுடையது, விஷம் அவளுடையது, ரூம் அவள் அம்மா வீட்டுப் பக்கத்தில். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகைப் பார்த்து நான் உள்ளூர மகிழ்ந்துபோனேன் என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

அதனால்தான் சனிக்கிழமை வயிற்று வலி.

என் அறைக் கதவும் சுதாவின் அறைக் கதவும் ஹாலைப் பார்த்தபடி எதிரெதிராக இருக்கின்றன. நடுவில் தொட்டி. ரகு ஆபீஸுக்குப் போனான். சகுபாய் வந்து பெருக்கிவிட்டுப் போனாள். நான் சுதாவின் கதவு இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடுக்கில் ஒரு கண் என் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னையா சந்தேகிக்கிறாள் இந்தப் பெண்?

எனக்குக் கோபம் வந்தது. கேட்டுவிடலாம் என்று எழுந்துவிட்டேன். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து விசாலம் வந்தாள். பூஜை முடித்த மடிப் புடவை, நெற்றியில் ஈரம். கையில் செம்புச் சொம்பு. எங்கள் இரண்டு கதவுகளையும் ஒரு தடவை பார்த்தாள். நோயாளிகள் தூங்குகிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

வலையை விலக்கினாள். சொம்பைச் சாய்த்துத் தண்ணீரை விட ஆரம்பித்தாள். எப்படி விட்டாள் தெரியுமா? இடது உள்ளங்கையைத் தண்ணீர் மட்டத்தில் விரித்து வைத்து, அதன் மேல் மெதுவாக... சுதா சாசரைப் பிடிக்கிற மாதிரியே. பார்க்கவில்லை, சும்மா நிற்கிறேன் என்றவள் இதையெல்லாம் எப்போது பார்த்தாள்?

பேசவும் செய்தாள். மீன்களிடம்.

"பாத்ரூம் பக்கெட்டுத் தண்ணிய விட்டுட்டுப் போறா அந்தக் கொழந்தை. அவளுக்கு என்ன தெரியும்? ஒரே மருந்து நாத்தம். இது தவலைத் தண்ணி. நன்னாருக்கும், குடிச்சுக்கோங்கோ. ஒண்ணாவது பொழச்சுக் கிடங்கோ. நீங்க ஒவ்வொருத்தரா போகப் போக அவ சாதமே சரியா சாப்பிட மாட்டேங்கறா. முகத்தைப் பார்க்க முடியலை எனக்கு."

எதிர்க் கதவு திறந்தது. சுதா வெளியே வந்தாள். நானும் வந்தேன். விசாலம் திடுக்கிட்டுச் சொம்பைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள் திருடிச் சாப்பிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி நின்றாள்.

"தூங்கலையா நீங்க ரெண்டு பேரும்? ரசம் கொண்டு வரட்டுமா?"

"என்ன தண்ணிம்மா அது?" என்றாள் சுதா.

"தவலைத் தண்ணிதாண்டி. வேற எது?"

"தினமுமா விடறேள்?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. ஒரு சொம்புதான். நீ வெச்ச பொட்டுக்குக் கீழே போகாம பார்த்துண்டேன்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுதா சமையலறை வாசல் வரை போனாள். உள்ளே காலை வைக்கவில்லை. அங்கிருந்தே தவலையைப் பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்த செம்பு, புதிசாகச் செவசெவ என்று மின்னிக்கொண்டிருந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து வந்து, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, அந்த நீல பாட்டிலை எடுத்தாள்.

"இது அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"எனக்கா?"

"லேபிளைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருந்தேளே. நான் அப்படி வெக்கிறதில்லை. யாரோ எடுத்துப் பார்த்திருக்கான்னு ரெண்டு நாளா உங்களைத்தான் பார்த்துண்டிருக்கேன்."

துப்பறிகிறவனைத் துப்பறிந்தவள் அவள்.

"இது மயில்துத்தம்மா" என்று விசாலத்தின் பக்கம் திரும்பினாள். "மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்தா ஒரு சொட்டு விடலாம். கொஞ்சம் கூடினா மீனே போயிடும். இன்னும் மூடியே தொறக்கலை. ஆனா இது எதுலேர்ந்து வரதுன்னா... செம்புலேர்ந்துதான். புளி போட்டு புதுசா தேய்ச்ச தவலையில மணிக்கணக்கா தண்ணி நின்னா, கண்ணுக்குத் தெரியாம ஒரு துளி செம்பு அதுல இறங்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. நத்தைக்குத்தான் முதல்ல ஆகாது. அப்புறம் மீனுக்கு. தொட்டித் தண்ணி காஞ்சாலும் செம்பு காஞ்சு போகாதும்மா. தினம் தினம் சேர்ந்துண்டே போகும்."

விசாலம் சொம்பைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். மிச்சமிருந்தது ஒரு ஏஞ்சல் மீனும் நாலைந்து கப்பிகளும். ஏஞ்சல் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அப்போ நான்தான்..." என்றாள்.

வேறு யாராவது என்றால் "பரவாயில்லைம்மா" என்று சொல்லியிருப்பார்கள். சுதா சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றாள். அப்புறம், "ஆனா நான் நெனச்சது வேற" என்றாள்.

"என்ன நெனச்சே?"

சுதா பாட்டிலைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள்.

"வேணும்னு பண்றேன்னு நெனச்சியா?"

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். நத்தைக்கும் கறுப்பு மாலிக்கும் சேர்த்து அழுதாள். தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று.

விசாலம் சமையலறைக்குள் போய்விட்டாள். மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவரை இல்லாத பயம் வந்தது. தெரியாமல் இருந்தபோதாவது ஒரு சந்தேகம்தான். இப்போது தெரிந்துவிட்டது. 'உன் தண்ணீர் விஷம்' என்று ஒரு வீட்டில் மருமகள் மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. அதுவும் எந்தத் தண்ணீர்? ஊரே கேட்டு வாங்கிக் குடித்த தண்ணீர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும் தவலை. 'என்னைப் போய் இப்படி நெனச்சாளே' என்று அவள் உள்ளே உட்கார்ந்திருந்தால், ரகு நாளைக்குச் செம்பூருக்குப் போகட்டும் என்று நானே சொல்லவேண்டியிருக்கும். இவளைத் தேற்றவும் எனக்குத் தெரியாது, அவளைத் தேற்றவும் தெரியாது. சந்தேகப்படத்தான் தெரியும்.

ரசம் ஆறிப்போயிற்று. சுதா தன் அறையில். நான் என் நாற்காலியில்.

பரணிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெந்நீரின் ஆவி வாசல் வரை வந்தது. அப்புறம் விசாலத்தின் குரல், என்னைக் கூப்பிட்டு.

"ஏன்னா... அவளைக் கேளுங்கோ. பழைய ஊறுகாய் ஜாடி ஒண்ணு இருக்கு. பீங்கான். அது மீனுக்கு ஆகுமா?"

சுதா அறை வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை. நேராகவே பேசலாம். பேசவில்லை.

"ஆகும்னு சொல்லுங்கோப்பா" என்றாள் என்னிடம்.

"ஆகுமாம்" என்றேன்.

"சோப்புப் போடாம வெறும் வெந்நீர்ல அலம்பினா போறுமான்னு கேளுங்கோ."

"சோப்பே கூடாதுன்னு சொல்லுங்கோ. ஊறுகாய் வாசனை போற வரைக்கும் அலம்பணும்."

"போயிடுத்துன்னு சொல்லுங்கோ. மூணு தரம் முகர்ந்து பார்த்தேன்."

நான் நடுவில் நின்று டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்தேன். பிறந்ததிலிருந்து இவ்வளவு உபயோகமாக நான் இருந்ததில்லை.

ஜாடியில் தண்ணீர் பிடித்து, மூடாமல், விசாலம் அதை எங்கே வைத்தாள் தெரியுமா? பாத்ரூமில் இல்லை. பால்கனியில் இல்லை. சமையலறைக்குள், தவலைக்குப் பக்கத்தில். மீனின் தண்ணீர் வரவே கூடாது என்று அவளே கோடு போட்ட இடத்தில். "ஏன்னா, அந்த ஜாடியை யாரும் தொடப்படாது. மீனோடது" என்று எனக்குத்தான் உத்தரவு வந்தது, ஏதோ நான்தான் போய்த் தொடப்போகிற மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரகு குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, செம்பூருக்குக் கிளம்பி நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் வந்தவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சுதா என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கே தெரியாதபோது நான் எதைச் சொல்வது?

ஹாலில் சுதா முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, சாசரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்வாசித் தண்ணீர் எடுத்தாகிவிட்டது. விசாலம் ஜாடியை இடுப்பில் அணைத்துக்கொண்டு சாய்த்தாள்.

"மெதுவாம்மா... சாசர் மேலேயே."

"தெரியும்டி. நீ கையை ஆட்டாதே."

நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டார்கள்.

"சுதா, டயமாச்சு. அந்த ரூம்..." என்றான் ரகு.

"எந்த ரூம்?" என்று விசாலம் நிமிர்ந்தாள்.

ரகு என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன். சுதா தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள்.

"ஒண்ணுமில்லைம்மா. தொட்டியை வேற ரூமுக்கு மாத்தலாமான்னு பேசிண்டிருந்தோம். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்." பிறகு புருஷனிடம், "இன்னும் ஒரு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தணும். அம்மாவால தனியா முடியாது. நீங்க சட்டையைக் கழட்டிட்டு அந்த அழுக்குத் தண்ணியைக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ" என்றாள்.

ரகு சட்டையைக் கழற்றினான்.

ஏஞ்சல் மீன் புதன்கிழமை இரை எடுத்தது. விசாலம்தான் முதலில் பார்த்தாள். ஆபீஸுக்கு டெலிஃபோன் போட்டுச் சுதாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு வயிற்று வலி என்று லீவு போட்ட அன்றுகூட அவள் என் ஆபீஸுக்கு டெலிஃபோன் செய்யவில்லை.

தவலை? அது பாட்டுக்கு இருக்கிறது. தினமும் புளி போட்டுத் தேய்த்து, நாங்கள் எல்லோரும் அதில்தான் குடிக்கிறோம். சுதாவும்தான்.

நான் யோசித்துப் பார்த்தேன். என் சந்தேகம் தப்பாகப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. சுதாவின் சந்தேகம் சரியாக இருந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது. தண்ணீர் விட்டது யார் என்று அவள் சரியாகத்தான் கண்டுபிடித்தாள். கை சரி. அந்தக் கை எதற்காக நீண்டது என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விட்டதால் ஒரு வீடு இரண்டாகப் போகவிருந்தது. சந்தேகப்படுகிற என் ஜாதிக்காரர்களுக்குச் சொல்கிறேன் — கதவிடுக்கை மூடிவிடாதீர்கள், ஆனால் கடைசி வரை பாருங்கள்.

இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேனே என்று கேட்கிறீர்களா? விசாலம் என் எழுத்தைப் படிப்பதில்லை. சுதா பம்பாயிலேயே படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதல் பாராவைத் தாண்டுவதற்குள் அடுத்த இதழ் வந்துவிடும்.

இப்போது சமையலறையில் தினமும் இரண்டு பேரின் குரல் கேட்கிறது. நான் போனால் நின்றுவிடுகிறது. நேற்றிலிருந்து என் காபியில் சர்க்கரை பாதியாகக் குறைந்திருக்கிறது. யார் செய்தது என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பி, மீனைப் பார்க்கிறார்கள்.